ஃப்ரிட்ஜில் இருந்த ஜூஸ் ஏன் பொங்கியது? நான்கு பாட்டில், நான்கு பலூன், ஒரு வாரம்

போன சித்திரையில் மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினோம். நல்ல வெயில். வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் நேராக ஃப்ரிட்ஜைத் திறந்து, கதவில் இருந்த ஆப்பிள் ஜூஸை எடுத்தாள். ஒரு லிட்டர் அட்டைப் பெட்டி. கிளம்புவதற்கு முன் பாதி குடித்து மூடி வைத்தது. நான்கு பக்கமும் புடைத்து, மேல் மடிப்பு விறைத்துக்கொண்டு நின்றது. "அம்மா, இது ஏன் இப்படிக் குண்டாயிருக்கு?" என்று கேட்டுக்கொண்டே மூடியைத் திருகிவிட்டாள். புஸ்ஸென்று ஒரு சத்தம். நுரையும் ஜூஸுமாக அவள் முகத்தில், சட்டையில், பின்னால் இருந்த சுவரில் அடித்தது. நாங்கள் இல்லாத நாட்களில் கரண்ட் நெடுநேரம் போய் வந்ததாகப் பக்கத்து வீட்டு அக்கா அப்புறம் சொன்னார்.

மாமியார் அடுப்படிக்கு வந்தார். ஒரே ஒரு தடவை முகர்ந்துவிட்டு, "கள்ளு வாடைல்ல அடிக்குது" என்றார். திருச்செந்தூர்ப் பக்கம் பனங்காட்டை ஒட்டி வளர்ந்தவர். அவர் மூக்கு பொய் சொல்லாது.

மகள் கேட்ட கேள்வி நியாயமானது. கடையில் சீல் வைத்து வாங்கிய ஜூஸ். நாம் ஈஸ்ட் எதுவும் போடவில்லை. பிறகு எப்படித் தானாகப் புளித்தது? வாயால் சொல்லிப் புரியவைப்பதைவிடக் கண்ணால் காட்டுவது நல்லது என்று தோன்றியது. அடுத்த வாரம் நான்கு பாட்டில்களில் ஜூஸ் ஊற்றிப் பலூன் கட்டி வைத்துப் பார்த்தோம். அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவசியம் செய்து பாருங்கள். செலவு இருநூறு, முந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது குடிப்பதற்கான பானம் செய்யும் முறை இல்லை. கடைசியில் நான்கு பாட்டிலும் வாஷ்பேசினுக்குத்தான் போகும். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், எந்தக் கிருமி உள்ளே போனது என்றே தெரியாத ஒன்றை யாரும் ருசி பார்க்கக் கூடாது. இந்த இரண்டையும் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பாக்கெட்டுக்குள் நடப்பது என்ன

ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை. பழத்தோலில், காற்றில், நம் கையில், டம்ளர் விளிம்பில் எல்லாம் இருக்கிறது. சர்க்கரை கிடைத்தால் அதைத் தின்று, பாதிக்குப் பாதி ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடு வாயுவாகவும் மாற்றிவிடும். கணக்கு இன்னும் துல்லியமானது: 180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் புளித்தால் 92 கிராம் ஆல்கஹால், 88 கிராம் வாயு.

88 கிராம் வாயு என்றால் கேட்பதற்குக் கொஞ்சமாகத்தான் இருக்கும். அளந்து பார்த்தால்தான் அதன் பலம் தெரியும். ஒரு டீஸ்பூன் சர்க்கரை, அதாவது சுமார் 4 கிராம், முழுவதும் புளித்தால் ஏறக்குறைய 1 லிட்டர் வாயு வரும். ஒரு லிட்டர் ஆப்பிள் ஜூஸில் இருப்பதோ 100 கிராமுக்கு மேல் சர்க்கரை. மூடிய பெட்டிக்குள் அந்த வாயு எங்கே போகும்? எங்கள் வீட்டுச் சுவருக்குத்தான் வந்தது.

சரி, பிழிந்த பழச்சாறு ஒரே நாளில் புளிக்கிறது. கடைப் பாக்கெட் மட்டும் எப்படி ஆறு மாதம் அலமாரியில் இருக்கிறது? சூடுதான் காரணம். 90 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் கொஞ்ச நேரம் வைத்தால் ஈஸ்ட் செத்துவிடும். பிறகு காற்றுப் படாமல் அடைத்துவிடுகிறார்கள். கடைகளில் ஜூஸ் என்று ஒரு பொருள் வந்ததே இப்படித்தான். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வைன்லாண்ட் என்ற ஊரில் தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்று ஒரு பல் மருத்துவர் இருந்தார். அவர் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். தேவாலயத்தில் நற்கருணைக்குப் போதை இல்லாத திராட்சைச் சாறு வேண்டும் என்று நினைத்தார். லூயி பாஸ்டர் கண்டறிந்த முறைப்படி 1869-இல் திராட்சைச் சாற்றைப் பாட்டிலில் அடைத்துக் கொதிநீரில் சூடேற்றினார். சாறு புளிக்கவே இல்லை.

இதை மாமியாரிடம் சொன்னபோது, "எங்க ஊர்ல சுண்ணாம்பு" என்றார். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர். தடவாமல் கட்டினால் கள். மரம் ஒன்றுதான், பாளையும் ஒன்றுதான். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட் தலையெடுக்க முடியாது. வெல்ச் அடுப்பு மூட்டிச் செய்த அதே வேலையை நம்மூர்ப் பனையேறிகள் ஒரு விரல் சுண்ணாம்பில் செய்துவந்தார்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த விஷயம் தெரிந்திருக்கும். பிள்ளைகளுக்கு அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

கடையில் லேபிளைப் படிப்பது

இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் தடுக்கிவிழும் இடம் இதுதான். எதையோ வாங்கிவந்து பத்து நாள் வைத்துவிட்டு, "ஒன்றுமே நடக்கவில்லை" என்பார்கள். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்திருந்தால் காரணம் தெரிந்திருக்கும்.

சேர்பொருட்கள் பட்டியலில் ஐ.என்.எஸ். (உணவில் சேர்க்கும் பொருட்களுக்கான சர்வதேச எண் முறை) என்று போட்டு எண்கள் இருக்கும். 211 என்றால் சோடியம் பென்சோயேட். 202 என்றால் பொட்டாசியம் சோர்பேட். 220 முதல் 224 வரை வருபவை சல்ஃபர் டை ஆக்சைடு வகையறா. இவை ஈஸ்டைப் பெருகவிடாத பாதுகாப்புப் பொருட்கள். 330, 300 என்று இருந்தால் அவை சிட்ரிக் அமிலமும் வைட்டமின் சி-யும். அவற்றால் புளிப்பு நிற்காது.

நமக்கு இரண்டு பாக்கெட் வேண்டும். ஒன்று, பாதுகாப்புப் பொருள் இல்லாத ஆப்பிள் அல்லது திராட்சை ஜூஸ். இன்னொன்று, 211 அல்லது 202 போட்ட ஏதாவது ஒரு பழ பானம். 'ஃப்ரூட் டிரிங்க்' என்று எழுதியிருப்பதில் பழம் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும் என்பது விதி. மீதியில் தண்ணீரும் சர்க்கரையும்தான் அதிகம். சோதனைக்கு அது பரவாயில்லை, ஈஸ்டுக்கு வேண்டியது சர்க்கரைதான்.

கேரட் ஜூஸ், கரும்புச்சாறு, பாக்கெட் இளநீர் மூன்றையும் இந்தச் சோதனைக்குத் தொடாதீர்கள். ஆப்பிளும் திராட்சையும் ஆரஞ்சும் நல்ல அமிலம் உள்ளவை. அமிலத்தை அளக்கும் பிஎச் எண் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 4-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். பிஎச் 4.6-க்குக் கீழே, பொட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோயை உண்டாக்கும் பாக்டீரியா வளராது. அந்த மூன்றிலும் அவ்வளவு அமிலம் கிடையாது. 2006-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும், சரியாகக் குளிரில் வைக்கப்படாத கேரட் ஜூஸைக் குடித்த சிலர் பொட்டுலிசத்தால் கைகால் செயலிழந்து கிடந்தார்கள். அந்த நஞ்சு இருப்பதை வாடையிலோ நுரையிலோ கண்டுபிடிக்க முடியாது.

பாட்டில்களைத் தயார் செய்வது

வேண்டியவை: அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் நான்கு, சீல் உடைக்காதவையாக. பிறந்தநாள் பலூன் நான்கு. ரப்பர் பேண்ட். மார்க்கர். ஒரு பிளாஸ்டிக் டப் அல்லது அகலமான வாளி. நான்கு திராட்சைப் பழம்.

கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். பலூன் கட்டியிருப்பதால் வெடிக்க வாய்ப்பில்லைதான். ஆனாலும் பிள்ளைகள் ஆர்வத்தில் பலூனைக் கழற்றி மூடியைப் போட்டுத் திருகிவிட்டால் பிளாஸ்டிக் வீங்கும், கண்ணாடி சிதறும். சோடா பாட்டில் வெடித்துக் கண் போனவர்களைப் பற்றி நம் எல்லாருக்குமே ஒரு கதையாவது தெரியும். சோடாவில் லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் வாயுதான் கரைந்திருக்கும். ஒரு லிட்டர் ஜூஸ் முழுவதும் புளித்தால் வருவது 50 கிராம்.

கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். பாட்டிலில் இருக்கிற தண்ணீரை வேறு பாத்திரத்தில் ஊற்றிக் குடிக்க வைத்துக்கொண்டு, காலியானதும் உடனே ஜூஸை ஊற்ற வேண்டும். பழைய பாட்டிலைக் கழுவிப் பயன்படுத்துவதைவிட இது சுத்தம். ஒவ்வொன்றிலும் 100 மில்லி போதும். அதில் இருக்கிற 11 கிராம் சர்க்கரை முழுக்கப் புளித்தாலும் வருகிற வாயு 3 லிட்டர்தான். பிறந்தநாள் பலூன் தாங்கும். அதிகமாக ஊற்றினால் நுரை பலூனுக்குள் ஏறிவிடும்.

முதல் பாட்டில்: இப்போதுதான் திறந்த பாக்கெட்டிலிருந்து நேராக ஊற்றிய ஜூஸ். பேசாமல், தும்மாமல் ஊற்றி, அடுத்த நொடியே பலூனை மாட்டுங்கள்.

இரண்டாம் பாட்டில்: அதே ஜூஸை டம்ளரில் ஊற்றி, பிள்ளை நன்றாக வாய் வைத்துப் பாதி குடித்த பிறகு மிச்சம் இருப்பதை ஊற்றுங்கள். அடுப்படியில் அரைமணி நேரம் திறந்து வைத்திருந்துவிட்டு ஊற்றினால் இன்னும் நல்லது.

மூன்றாம் பாட்டில்: அதே ஜூஸ், கூடவே கழுவாத திராட்சை இரண்டு. விரலால் நசுக்கிப் போடுங்கள்.

நான்காம் பாட்டில்: பாதுகாப்புப் பொருள் போட்ட பானம், கூடவே அதேபோல நசுக்கிய திராட்சை இரண்டு.

திராட்சைக்கு நாங்கள் கம்பம் பன்னீர் திராட்சை வாங்கினோம். தோலில் வெள்ளையாகப் பொடி பூத்த மாதிரி இருக்கும். அதைத்தான் ஈஸ்ட் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பழம் தானே சுரக்கிற மெழுகு. ஈஸ்ட் கண்ணுக்குத் தெரியாது. தோல் கீறி, சாறு கசிந்த பழத்தில்தான் அது அதிகம் இருக்கும். அதனால் கொத்திலேயே வெடித்திருக்கும் பழத்தைப் பார்த்து எடுங்கள். பூசணம் பிடித்தது மட்டும் வேண்டாம். பொன்னிற உலர்திராட்சையை நம்பாதீர்கள்; நிறம் மாறாமல் இருக்க அதற்கு சல்ஃபர் புகை போட்டிருப்பார்கள், அதில் ஈஸ்ட் மிஞ்சியிருப்பது அரிது.

பலூனை ஒருமுறை ஊதித் தளர்த்திவிட்டு மாட்டுவது வழக்கம். நாம் வாயால் ஊதினால் எச்சில் போய்விடும், சோதனையே கெட்டுவிடும். கையால் நாலைந்து தடவை இழுத்துவிட்டால் போதும். வாயில் மாட்டியபின் ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். எண், தேதி, மணி எழுதுங்கள். நான்கையும் டப்புக்குள் நிறுத்தி, வெயில் படாத, அடுப்புக்குப் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். இட்லி மாவு வைக்கிற மேடையில் மட்டும் வேண்டாம். நம் அடுப்படியிலேயே ஈஸ்டும் பாக்டீரியாவும் அடர்த்தியாக இருக்கும் இடம் அது.

நாள்வாரியாகப் பார்த்தது

எங்கள் வீட்டில் அப்போது பகலில் 33 டிகிரி இருந்தது. உங்கள் ஊர் குளிராக இருந்தால் எல்லாம் ஒன்றிரண்டு நாள் தள்ளிப் போகும்.

முதல் நாள் எதுவும் தெரியாது. பிள்ளைகள் மணிக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள், பார்க்கட்டும். பாட்டிலைக் குலுக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவையுங்கள்.

இரண்டாம் நாள் காலையில் மூன்றாம் பாட்டிலில் மாற்றம் தெரிந்தது. அடியில் கிடந்த திராட்சைத் தோல் மேலே வந்து மிதந்தது. அதைச் சுற்றி ஊசிமுனை அளவுக்குக் குமிழ்கள் வளையம் கட்டியிருந்தன. டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தால், அடியிலிருந்து ஒற்றை ஒற்றையாகக் குமிழ் கிளம்பி, நூல் பிடித்தது போல மேலே போவது தெரிந்தது. பளிச்சென்று இருந்த ஜூஸ் கொஞ்சம் கலங்கியிருந்தது. அந்தக் கலங்கல்தான் கோடிக்கணக்கில் பெருகிய ஈஸ்ட். சாயங்காலம் பலூன் தொய்வு நீங்கி எழுந்து நின்றது. மகள் காதை பாட்டிலோடு ஒட்டி வைத்துக் கேட்டாள். "தூரத்துல மழை பெய்ற மாதிரி இருக்கும்மா" என்றாள். நானும் கேட்டேன். அப்படித்தான் இருந்தது.

மூன்றாம் நாள் அந்தப் பலூன் ஒரு சாத்துக்குடி அளவு. மறுநாள் சிறு தேங்காய் அளவு. மேலே அரை அங்குலத்துக்கு நுரை. அடியில் வெண்மஞ்சளாக ஒரு வண்டல் படியத் தொடங்கியது.

இரண்டாம் பாட்டில், அதாவது எச்சில் பட்டது, மூன்றாம் நாள் ராத்திரிதான் குமிழ் விட்டது. நான்காம் நாள் பலூன் எழுந்தது. எச்சிலில் பெரும்பாலும் இருப்பது பாக்டீரியாதான். ஆனால் உதட்டோரத்தில், பல்லிடுக்குத் துணுக்கில், டம்ளர் விளிம்பில், அடுப்படிக் காற்றில் வந்த ஈஸ்ட் கொஞ்சம் போதும். பழத்தோலிலிருந்து போன கூட்டம் பெரிது என்பதால் மூன்றாம் பாட்டில் முந்திக்கொண்டது. "இதுக்குத்தான் சொன்னேன், அண்ணாந்து குடின்னு" என்றார் மாமியார். அதுவரை அந்தப் பழக்கத்தை மகள் ஒரு தொந்தரவாகத்தான் நினைத்திருந்தாள்.

நான்காம் பாட்டில் ஏழு நாளும் அசையவில்லை. திராட்சைச் சாயம் இறங்கியது, அவ்வளவுதான். ஈஸ்ட் உள்ளே போகத்தான் செய்தது. 211-ஆம் எண் அதைப் பெருகவிடவில்லை. பென்சோயேட்டையும் சோர்பேட்டையும் தாங்கி வளரும் ஈஸ்ட் வகைகளும் உண்டு. அதனால் பாதுகாப்புப் பொருள் போட்டதைத் திறந்து வைத்துவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிடலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு அதிகம் கற்றுத்தந்தது முதல் பாட்டில். ஐந்து நாள் ஒன்றுமே இல்லை. ஜூஸ் தெளிவாக இருந்தது, பலூன் துவண்டு கிடந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தோம். ஆறாம் நாள் காலையில் மேற்பரப்பில் ஓரமாக மிளகு அளவில் ஒரு வெள்ளைப் பஞ்சு. ஏழாம் நாள் அது ஐம்பது காசு அளவுக்கு விரிந்து, நடுவில் பச்சை தட்டியது. பூசணம். ஊற்றும்போது காற்றில் இருந்தோ பலூனில் இருந்தோ ஒரு வித்து விழுந்திருக்கும். பலூன் கடைசிவரை எழவே இல்லை. பாக்கெட் வீங்கவில்லை, அதனால் ஜூஸ் நன்றாகத்தான் இருக்கும் என்று நான் இத்தனை வருஷம் வைத்திருந்த கணக்கு அன்றோடு போனது.

வாடையைப் படிப்பது

ஏழாம் நாள் பலூனைக் கழற்றலாம். ஜன்னல் திறந்திருக்கட்டும். பலூன் கழுத்தை முறுக்கிப் பிடித்து, மெதுவாக விடுங்கள். பாட்டில் வாயில் மூக்கை வைக்காமல், கையால் விசிறி வாடையை இழுத்துப் பாருங்கள். பூசணம் பிடித்த பாட்டிலை முகரவே வேண்டாம். அதை மூடியபடி கொண்டுபோய்க் கொட்டுங்கள்.

ரொட்டி, இட்லி மாவு போன்ற வாடை வந்தால் ஈஸ்ட் வேலை செய்திருக்கிறது. கள் வாடை வந்தால் ஆல்கஹால் சேர்ந்துவிட்டது. நெயில் பாலிஷ் நீக்கி மாதிரி நெடி வந்தால் அது எத்தில் அசிடேட். பழத்தோலில் வாழும் காட்டு ஈஸ்ட் வகைகள் அதை அதிகம் விடும். எங்கள் மூன்றாம் பாட்டிலில் அந்த நெடி தூக்கலாக இருந்தது. காடி (வினிகர்) நெடி என்றால் ஆல்கஹாலைப் புளிப்பாக மாற்றும் பாக்டீரியா வந்துவிட்டது. காற்றுப் படப்பட அது வளரும். இந்த வாடைகளை ஒருமுறை அறிந்துகொண்டால், பிறகு ஃப்ரிட்ஜில் இருக்கிற ஜூஸ் புளித்திருந்தால் பெரும்பாலும் திறந்தவுடனே சொல்லிவிடலாம்.

கொட்டும்போது குழாயைத் திறந்துவிட்டு நிறையத் தண்ணீரோடு கொட்டுங்கள். பாட்டிலை நசுக்கிக் குப்பையில் போடுங்கள்.

வீங்கிய பாக்கெட் கையில் கிடைத்தால்

நீங்கள் திறந்து வைத்த பாக்கெட் வீங்கியிருந்தால் குலுக்காதீர்கள், உடனே திறக்காதீர்கள். வெளியில் இருந்தால் முதலில் இரண்டு மணி நேரம் குளிரில் வையுங்கள். குளிர்ந்த திரவத்தில் வாயு அதிகம் கரைந்து நிற்கும், சீற்றம் குறையும். அப்புறம் வாஷ்பேசினுக்குள் வைத்து, மூடியின் மேல் ஈரத்துணி போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, கால் திருகு திருகி நிறுத்துங்கள். சத்தம் அடங்கியதும் இன்னொரு கால் திருகு. முழுவதும் திறந்ததும் கொட்டிவிடுங்கள்.

காய்ச்சினால் சரியாகிவிடாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆகாது. கொதிக்க வைத்தாலும் ஆல்கஹால் முழுவதும் போகாது. ஆப்பிளில் வளரும் சில பூசணங்கள் பட்டுலின் என்ற நஞ்சை விடும். அது சூட்டுக்கு அசையாது. ஆப்பிள் ஜூஸில் கிலோவுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையிலிருந்து வந்து சீல் உடைக்காத பாக்கெட்டே வீங்கியிருந்தால் திறக்கவே வேண்டாம். பெரும்பாலும் ஏற்றி இறக்கும்போது அட்டையில் ஊசித்துளை விழுந்திருக்கும். அந்த வழியாக ஈஸ்டோ பூசணமோ நுழைந்திருக்கும். பாக்கெட்டுக்குள் ஜவ்வு மாதிரி, தோல் மாதிரி ஏதோ கிடந்தது என்று வரும் படங்களில் பல இப்படி உள்ளே வளர்ந்த பூசணக் கட்டிகள்தான். பாக்கெட்டையும் பேட்ச் எண்ணையும் படம் எடுத்துக்கொண்டு, பில்லோடு கடையில் திருப்பிக் கொடுங்கள். மாற்றித்தர மறுத்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

லேசாகப் புளித்த ஜூஸ்தானே, ஒரு மடக்கு குடித்தால் என்ன என்று சிலருக்குத் தோன்றும். 11 சதவீதம் சர்க்கரை உள்ள ஜூஸ் முழுவதும் புளித்தால் ஆல்கஹால் 6 சதவீதம் வரை போகலாம். பீரை ஒட்டிய அளவு அது. எந்தக் கட்டத்தில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று நாக்குக்குத் தெரியாது. சின்னப் பிள்ளைகள், கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் இதில் விளையாட்டே கூடாது. குடிப்பழக்கத்தை விடுவதற்காக டைசல்ஃபிராம் மாத்திரை எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அந்த மருந்தோடு கொஞ்சம் ஆல்கஹால் சேர்ந்தாலே முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு என்று ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்விடும். பழைய ஜூஸைக் குடித்து அப்படி ஆனால், எதனால் ஆனது என்றுகூட யாருக்கும் தோன்றாது.

அன்றாடம் செய்ய வேண்டியவை

ஜூஸைப் பால் மாதிரி நடத்துங்கள். பாக்கெட்டில் வாய் வைக்காதீர்கள். டம்ளரில் மிஞ்சியதைத் திரும்ப ஊற்றாதீர்கள். ஊற்றியதும் மூடியை மேடையில் கவிழ்த்து வைக்காமல் உடனே மூடுங்கள். ஃப்ரிட்ஜ் கதவுதான் இருப்பதிலேயே சூடான இடம். உள்ளே பின்பக்கம் வையுங்கள். திறந்தபின் எத்தனை நாள் என்று லேபிளில் போட்டிருப்பார்கள், ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறுபடும். மூன்று நாள் என்று போட்டிருந்தால் மூன்று நாள்தான். கரண்ட் பல மணி நேரம் போயிருந்தால் அந்தக் கணக்கும் செல்லாது. வீட்டில் குடிப்பவர் ஒருவர்தான் என்றால் லிட்டர் பாக்கெட்டை விட்டுவிட்டு 200 மில்லி வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடுதலானாலும் கொட்டுவது மிச்சம்.

ஃப்ரிட்ஜில் வைத்தால் புளிக்காதா என்பதையும் அடுத்த வாரம் பார்த்துவிட்டோம். மூன்றாம் பாட்டிலைப் போலவே நசுக்கிய திராட்சை போட்டு, பலூன் கட்டி, ஃப்ரிட்ஜின் பின்பக்கம் வைத்தோம். வெளியில் இரண்டே நாளில் எழுந்த பலூன் உள்ளே பத்து நாள் துவண்டு கிடந்தது. குளிர் ஈஸ்டைக் கொல்வதில்லை, தூங்கவைக்கிறது. பதினோராம் நாள் காலையில் பால் எடுக்கப் போன மகள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பலூன் லேசாகத் தலை தூக்கியிருந்தது.

இப்போது எங்கள் வீட்டில் ஜூஸ் பாக்கெட் திறந்ததும் மார்க்கரால் தேதி எழுதுவது அவள் வேலை. தேதிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பலூனும் வரைந்து வைக்கிறாள்.